200 வாட் மூடியது, 250 வாட் நிலைத்தது: சென்னையின் முதல் வானொலி, 1924–1938

1938 ஜூன் 16 அன்று எழும்பூர் மார்ஷல்ஸ் சாலையில் (இன்றைய ருக்மணி லட்சுமிபதி சாலை) 'ஈஸ்ட் நூக்' பங்களாவில் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையத்தை ஆளுநர் எர்ஸ்கின் பிரபு திறந்து வைத்தார். அதன் மத்திய அலை டிரான்ஸ்மிட்டரின் சக்தி 250 வாட். 11 ஆண்டுகளுக்கு முன், 1927 அக்டோபரில், பண நெருக்கடியால் மூடப்பட்ட சென்னை மாகாண ரேடியோ கிளப்பின் டிரான்ஸ்மிட்டர் 200 வாட். அலை எட்டும் தூரம் சக்தியின் வர்க்கமூலத்தோடுதான் கூடும்; அந்தக் கணக்கில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 12 சதவீதம்தான்.

கிளப் ஏன் விழுந்தது என்ற கேள்விக்கு 'சக்தி போதவில்லை, கருவி சிறியது' என்ற பதில் எளிதாக வந்துவிடும். மேலே உள்ள இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தால் அந்தப் பதில் நிற்காது. நடுவில் 1930 முதல் 1938 வரை சென்னை மாநகராட்சி நடத்திய நிலையத்தையும் சேர்த்துப் பார்த்தால், யார் கேட்டார்கள், கேட்டதற்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று தெரியும்.

கிளப்பின் மூன்று ஆண்டுகள்

கிளப் 1924 மே 16 அன்று தொடங்கப்பட்டது. முன்னின்றவர் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி, மாநகராட்சியின் மின்பொறியாளர். அதே ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பு ஆரம்பமானது. இடம் எழும்பூரில் ஹாலோவேஸ் கார்டன். முதலில் 40 வாட் டிரான்ஸ்மிட்டர், பிறகு 200 வாட். மாலையில் இசை, பேச்சு. கல்கத்தாவில் 1923-லேயே ரேடியோ கிளப் இருந்தது; பம்பாயிலும் அதே காலத்தில் இருந்தது. இந்தியாவில் வானொலியைத் தொடங்கி வைத்தவை அரசோ கம்பெனியோ இல்லை, இப்படிப்பட்ட ஆர்வலர் சங்கங்கள். அக்கரையில் கொழும்பில் கதை வேறு: அங்கே தந்தித் துறையின் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர் முயற்சியில் 1925 டிசம்பரில் அரசு நிலையமாகவே தொடங்கியது. அதனால் 'சந்தா வரவில்லை, மூடிவிட்டோம்' என்ற நிலை கொழும்புக்கு வரவே வாய்ப்பில்லை.

அந்தக் காலத்துச் சிறு டிரான்ஸ்மிட்டர் எப்படி வேலை செய்தது என்று தெரிந்துகொண்டால் தினசரித் தொல்லைகள் புரியும். பொதுவான அமைப்பு இது: ஒரு வால்வு (பழைய ரேடியோக்களின் கண்ணாடி வெற்றிடக் குழாய்) அலையை உண்டாக்கும், இன்னொரு வால்வு மைக்கிலிருந்து வரும் ஒலிக்கு ஏற்ப முதல் வால்வுக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும், இரண்டுக்கும் பொதுவாக ஒரு பெரிய சோக் சுருள். அலையை உண்டாக்கும் வால்வு நேராக ஏரியலோடு இணைந்திருக்கும், நடுவில் இரண்டையும் பிரித்து வைக்கும் நிலை எதுவும் கிடையாது. ஏரியல் கம்பி காற்றில் ஆடினால் அதன் கொள்திறன் மாறும், கூடவே அலைவரிசையும் நகரும். மாலைக் கடற்காற்று அடிக்கும் ஊரில் இது தினமும் நடக்கும். கிரிஸ்டல் செட் (மின்கலம் வேண்டாத எளிய ரேடியோ) வைத்திருப்பவருக்கு இது தெரியாது. அந்தச் செட்டின் பிடிப்பே அகலமானது. வால்வு செட் வைத்திருப்பவர் பாட்டின் நடுவே திருகைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

மைக் கரித்தூள் வகை. இரண்டு தகடுகளுக்கு நடுவே கரித் துகள்கள்; ஒலி அழுத்தத்தில் அவை நெருங்கி விலகும்போது மின்தடை மாறும். ஈரக் காற்றில் துகள்கள் ஒட்டிக் கட்டியாகும். அப்போது ஒலி மங்கும், பின்னணியில் இரைச்சல் ஏறும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மைக்கை மெதுவாகத் தட்டி உதிர்ப்பதுதான் வைத்தியம். மின்சாரம் ஓடும்போதே தட்டினால் துகள்களுக்கு இடையே பொறி பறந்து அவை நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும்.

இசைத்தட்டு போடுவதும் சும்மா உட்காரும் வேலை இல்லை. 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கம் மூன்று முதல் நாலரை நிமிடம். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது பதினான்கு பக்கங்களாவது வேண்டும். எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் மழுங்கிய ஊசி தட்டின் பள்ளத்தை அரித்துவிடும்.

எவ்வளவு தூரம் போயிருக்கும்?

கிளப்பின் வீச்சைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். மத்திய அலைக்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு: ஏரியல் உண்மையில் வீசும் சக்தியைக் கிலோவாட்டில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 300-ஆல் பெருக்கி, தூரத்தால் (கிலோமீட்டரில்) வகுத்தால், அந்த இடத்தில் அலையின் வலிமை மீட்டருக்கு இத்தனை மில்லிவோல்ட் என்று கிடைக்கும். தரை உறிஞ்சுவதை இது சேர்க்காது. ஊருக்குள் பெரிதாகத் தவறாது.

சிறு ஏரியலும் சுமாரான எர்த்தும் உள்ள நிலையத்தில், கொடுக்கும் சக்தியில் கால் பங்கு வெளியே போனால் நல்லது என்று வைத்துக்கொள்வோம். 40 வாட்டில் 10 வாட் வெளியே போகும். 5 கிலோமீட்டரில் வலிமை 6 மில்லிவோல்ட். கிரிஸ்டல் செட்டில் ஹெட்ஃபோன் வைத்துத் தெளிவாகக் கேட்க ஏறக்குறைய அவ்வளவு வேண்டும். ஆக, எழும்பூரிலிருந்து ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி, ராயபுரம், மயிலாப்பூரின் விளிம்பு வரை. 200 வாட்டில் 50 வாட் வெளியே போகும். அதே வலிமை 11 கிலோமீட்டர் வரை கிடைக்கும். வடக்கே திருவொற்றியூர், தெற்கே கிண்டியைத் தாண்டி.

சக்தியை ஐந்து மடங்காக்கினால் தூரம் 2.2 மடங்குதான் கூடும், ஆனால் பரப்பளவு ஐந்து மடங்காகும். இது எந்த ஊருக்கும் பொருந்தும். சென்னைக்கு ஒரு திருத்தம் உண்டு. எழும்பூரிலிருந்து கடற்கரை 3 கிலோமீட்டர். 5 கிலோமீட்டர் வட்டத்தில் ஏழில் ஒரு பங்கு கடல். 11 கிலோமீட்டர் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு கடல். அதனால் ஐந்து மடங்கு சக்தி கொடுத்தும் நிலப்பரப்பு நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே கூடுகிறது. மீதி வங்கக் கடலுக்குப் போன தானம். கடற்கரை நகரத்தில் நிலையம் வைப்பவர்கள் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுவிடுவது நல்லது.

ஆனாலும் 11 கிலோமீட்டர் அன்றைய சென்னைக்குத் தாராளம். ஊரே அதற்குள் அடங்கிவிடும். பம்பாயிலும் கல்கத்தாவிலும் 1927-இல் வந்த இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனியின் நிலையங்கள் தலா 1.5 கிலோவாட். அவற்றின் பயனுள்ள வீச்சாகச் சொல்லப்பட்டது 30 மைல், அதாவது 48 கிலோமீட்டர். அவையும் தப்பவில்லை.

கேட்பவர் வீட்டில்

அலை வீடு வரை வந்துவிட்டது. அதைப் பிடிக்க என்ன வேண்டும்? மலிவான வழி கிரிஸ்டல் செட். மின்கலம் வேண்டாம். ஒரு கம்பிச் சுருள், காரீயத் தாதுவான கலீனா துண்டு, அதன் மேல் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய கம்பி, 2,000 ஓம் அல்லது அதற்கு மேற்பட்ட ஹெட்ஃபோன். கலீனாவின் மேற்பரப்பில் எல்லா இடமும் வேலை செய்யாது. கம்பியை நகர்த்தி நகர்த்தி நல்ல புள்ளியைத் தேட வேண்டும். யாராவது மேசையை இடித்தால் புள்ளி தவறிவிடும், மறுபடி தேட வேண்டும். விரல் எண்ணெய் பட்டாலும் புள்ளி செத்துவிடும்.

செட்டை விட முக்கியம் ஏரியலும் எர்த்தும். வீட்டுக்குள் இறங்கும் கம்பியையும் சேர்த்து 30 மீட்டர், 10 மீட்டர் உயரத்தில், இரு முனையிலும் பீங்கான் இன்சுலேட்டர். எர்த்துக்குச் செப்புத் தகடோ குழாயோ ஒரு மீட்டர் ஆழத்தில், சுற்றிலும் கரியும் உப்பும். சென்னையின் பெரும்பகுதி மணல். சித்திரை, வைகாசியில் மேல்மண் காய்ந்ததும் எர்த்தின் தடை ஏறி, பங்குனி வரை நன்றாகக் கேட்ட செட் முணுமுணுக்கும். நிலையம் கெட்டுவிட்டது என்று தோன்றும். தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் சரியாகும். கிணற்றுக்குள் இறங்கும் இரும்புக் குழாய் உள்ள வீட்டில் அந்தக் கவலையே இல்லை. இடி மின்னல் வரும்போது ஏரியலை நேராக எர்த்தோடு இணைக்க ஒரு சுவிட்சும் கட்டாயம்.

கிரிஸ்டல் செட்டில் ஒருவர் கேட்கலாம். காதுக்கு ஒன்றாகப் பிரித்தால் இருவர். பாத்திரத்துக்குள் ஹெட்ஃபோனை வைத்துக் குடும்பமே குனிந்து கேட்கும் உபாயமும் உண்டு, அறை நிசப்தமாக இருந்தால்.

நன்றாகக் கேட்க வால்வு செட். அதற்கு வால்வின் இழைகளைச் சூடாக்க ஈய-அமில அக்குமுலேட்டர் (மறுபடி சார்ஜ் செய்யும் பேட்டரி), வால்வின் தகட்டுக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்துக்கு 90 முதல் 120 வோல்ட் உலர் மின்கல அடுக்கு. அக்குமுலேட்டரைச் சார்ஜ் செய்யக் கடைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். தீர்ந்ததை அப்படியே விட்டுவிட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து அடுத்த முறை சார்ஜ் ஏறாது. உலர் மின்கலம் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் சென்னை வெயிலில் தானே தீரும். பின்னூட்ட வகை வால்வு செட்டைக் கொஞ்சம் அதிகமாகத் திருகிவிட்டால் அதுவே ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டராகி, தெருவில் உள்ள எல்லார் செட்டிலும் ஊளையிடும்.

இத்தனையும் செய்து, மாலையில் இரண்டு மணி நேரத்துச் சொச்சம் கேட்கலாம். அதற்கு அரசுக்கு ஆண்டுக்கு 10 ரூபாய் லைசென்ஸ் கட்டணம்.

பணம் எங்கே போயிற்று

கிளப் உறுப்பினர் சந்தாவை நம்பியது. ஆனால் அலை உறுப்பினர் வீட்டுக்கு மட்டும் போவதில்லை. சந்தா கட்டாதவரும் அதே பாட்டைக் கேட்கலாம், அதுவும் கூடுதல் செலவில்லாமல். வால்வு எரிந்தால், ஏரியல் அறுந்தால், பக்கவாத்தியக்காரருக்குக் கொடுக்க வேண்டியிருந்தால், செலவு கட்டுகிறவர் தலையில். லைசென்ஸ் சட்டமும் பலவீனம்: 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம்தான் இருந்தது, லைசென்ஸ் இல்லாமல் செட் வைத்திருப்பதைப் பிடித்து வழக்குப் போடும் வழி அதில் சரியாக இல்லை. 1927 தொடக்கத்தில் இந்தியா முழுவதும் லைசென்ஸ் ஆயிரத்துக்கும் குறைவு. ஒரு பேச்சுக்கு நாட்டின் மொத்த லைசென்ஸ் பணமும் சென்னை கிளப்புக்கே வந்திருந்தாலும் ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டாது.

நிறைய முதலீடு போட்டால் சரியாகிவிடுமா என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு சோதனை நடந்தது. இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி 1927 ஜூலை 23 அன்று பம்பாயிலும் ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவிலும் நிலையம் திறந்தது. சென்னைக்கு அது வரவில்லை. திரட்டிய மூலதனம் 6 லட்சம். அதில் நாலரை லட்சம் இரண்டு நிலையங்களை நிறுவுவதிலேயே போயிற்று. 10 ரூபாய் லைசென்ஸில் 8 ரூபாய் கம்பெனிக்கு. மாதச் செலவு 33,000 ரூபாயாக இருந்து, கசக்கிப் பிழிந்து 24,000-க்கு வந்தது. 1929 கடைசியில் லைசென்ஸ்கள் 7,775. பெருக்கிப் பார்த்தால் ஆண்டு வரவு 62,200 ரூபாய். குறைத்த பிறகும் ஆண்டுச் செலவு 2,88,000. இறக்குமதியாகும் கருவிகளின் விலையிலிருந்து பத்து சதவீதப் பங்கும் அதற்கு உண்டு, ஆனாலும் பள்ளம் நிரம்பவில்லை. 1930 மார்ச் 1 அன்று கம்பெனி கலைப்புக்குப் போயிற்று.

சென்னை கிளப் மூடியது 1927 அக்டோபர். இரண்டு மாதம் கழித்து, டிசம்பரில், காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி சென்னையில் அகில இந்திய இசை மாநாடு நடந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் மியூசிக் அகாடமி. ஊரில் பாட ஆள் குவிந்திருந்த நேரத்தில் ஒலிபரப்ப நிலையம் இல்லை.

மாநகராட்சி செய்த மாற்றம்

மூடும்போது கிளப் தன் டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. 1930 ஏப்ரல் 1 அன்று மாநகராட்சி முறையான ஒலிபரப்பைத் தொடங்கியது. கலைந்த கம்பெனியின் நிலையங்களை இந்திய அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டதும் அதே நாள்.

நிகழ்ச்சி அட்டவணை: செவ்வாய் தவிர தினமும் மாலை 5.30 முதல் 7.30 வரை. பள்ளி நாட்களில் 4 முதல் 4.30 வரை குழந்தைகளுக்கு இசைப் பாடமும் கதையும். ஞாயிறு, விடுமுறை நாட்களில் காலை 10 முதல் 11 வரை இசைத்தட்டு. மாதத்தின் முதல் திங்கட்கிழமை மாலை ஐரோப்பிய இசை. இதில் புரட்சி எதுவும் இல்லை. மாற்றம் கேட்கும் முனையில் இருந்தது: மெரினா, ஹைகோர்ட் கடற்கரை, பீப்பிள்ஸ் பார்க், ராயபுரத்தின் ராபின்சன் பூங்கா ஆகிய இடங்களில் ஒலிபெருக்கி வைத்தார்கள். தேர்ந்தெடுத்த 14 மாநகராட்சிப் பள்ளிகளுக்கு ரேடியோ கொடுத்தார்கள். (பத்தொன்பது ஆண்டு கழித்து, 1949-இல், தி.மு.க. தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது இதே ராபின்சன் பூங்காவில்தான். கூட்டம் கூடுகிற இடம் எது என்று மாநகராட்சிக்குத் தெரிந்திருந்தது.)

இந்த ஒரே முடிவு மேலே சொன்ன சிக்கல்கள் பலவற்றை அடித்துவிடுகிறது. செட் வாங்க வேண்டியவர் ஆயிரக்கணக்கானோர் இல்லை, ஒரே நிறுவனம். அக்குமுலேட்டரைச் சார்ஜ் செய்வது, மின்கலம் மாற்றுவது, எர்த்துக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் சம்பளம் வாங்கும் ஊழியரின் வேலை. வீச்சுக் கவலை குறைவு, ஏனென்றால் கேட்கும் இடங்கள் எல்லாம் ஊருக்குள், தெரிந்த தூரத்தில். மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே பீப்பிள்ஸ் பார்க். சந்தா கட்டாதவர் இலவசமாகக் கேட்பது இப்போது நஷ்டமே இல்லை, அதற்காகத்தான் நடத்துகிறார்கள். தெருவிளக்கு, பூங்கா வரிசையில் வானொலியும் ஒரு நகராட்சிச் சேவை ஆயிற்று.

மாலை 5.30-ஐத் தேர்ந்தது நல்ல தேர்வு. சென்னையில் சூரியன் மறைவது ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 5.40-க்கும் 6.40-க்கும் நடுவில். வெயில் தணிந்து கடற்கரைக்கும் பூங்காவுக்கும் மக்கள் வரும் நேரம் அதுதான். இருட்டிய பிறகு மத்திய அலை வானத்து அயனி அடுக்கில் பட்டுத் திரும்பி, தூர நிலையங்களும் தூர இடிமின்னலின் இரைச்சலும் உள்ளே வரும், 7.30-க்கு முடிப்பதால் அதில் பெரும்பகுதி தப்புகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் தப்ப முடியாது. பக்கத்திலேயே மின்னும்போது 200 வாட் என்ன, 2 கிலோவாட் இருந்தாலும் ஒலிபெருக்கி படபடக்கும்.

கடற்கரை ஒலிபெருக்கிகளுக்குத் தனித் தொல்லை உண்டு. உப்புக் காற்றில் இணைப்பு முனைகளில் பச்சை படியும். தடை ஏறி ஒலி கரகரக்கும். அன்றைய கொம்பு ஒலிபெருக்கியில் காந்தத்துக்கும் இரும்புத் தகட்டுக்கும் இடைவெளி மயிரிழை அளவு. அதில் துரு விழுந்தால் தகடு ஒட்டிக்கொள்ளும். முனைகளைத் தேய்த்து வாசலின் தடவுவதும், வாரம் ஒருமுறை இடைவெளியைச் சரிபார்ப்பதும் பூங்காவை விடக் கடற்கரையில் இரட்டிப்பு வேலை. மாற்று டிரான்ஸ்மிட்டர் இல்லாத எந்த நிலையத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு பராமரிப்புக்கு உதவும். செவ்வாயை விட்டதன் நோக்கம் எதுவானாலும் அந்தப் பயன் கிடைத்திருக்கும்.

இந்தத் திட்டத்தின் குறை என்னவென்றால் அது நகர எல்லையோடு நின்றது. செங்கல்பட்டுக்கோ காஞ்சிபுரத்துக்கோ அதில் ஒன்றுமில்லை. மாநகராட்சி வரிப் பணத்தில் நடப்பது அப்படித்தான் இருக்கும். அதைக் குற்றமாகச் சொல்ல முடியாது.

மத்திய அரசின் நிலையங்களோ இந்தக் காலத்தில் தள்ளாடின. 1931 அக்டோபரில் இரண்டையும் மூடிவிட உத்தரவு, நவம்பரில் அந்த உத்தரவு வாபஸ். 1932-இல் ரேடியோ கருவிகளின் இறக்குமதி வரி 50 சதவீதமானது.

1938-இல் என்ன வேறாக இருந்தது

முதல் மாற்றம் சட்டம். 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் 1934 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. லைசென்ஸ் இல்லாமல் செட் வைத்திருப்பதே குற்றம் ஆயிற்று. 1933 கடைசியில் 10,872 ஆக இருந்த லைசென்ஸ்கள் ஓராண்டில் 16,179 ஆயின. புதிதாகச் செட் வாங்கியவர்களும் அதில் உண்டு: 1932 டிசம்பரில் பி.பி.சி. தன் பேரரசுச் சேவையைச் சிற்றலையில் தொடங்கியிருந்தது. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் அதற்காகவே நல்ல வால்வு செட் வாங்கினார்கள்.

இரண்டாவது, கருவி. மின்சாரத்தில் நேரடியாக ஓடும் செட்டுகள் வந்துவிட்டதால் மின்வசதி உள்ள வீட்டில் மின்கலத் தொல்லை ஒழிந்தது.

மூன்றாவது, சிற்றலை. சென்னை நிலையம் 250 வாட் மத்திய அலையை நகரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டது. மாகாணத்துக்கு 10 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டர். 1936-இல் பி.பி.சி.யிலிருந்து வந்த பொறியாளர்கள் கிர்க், பிறகு கோய்டர் ஆகியோர் காலத்தில் உருவான யோசனை இது: இவ்வளவு பெரிய நாட்டை மத்திய அலையால் மூட ஏராளமான நிலையங்கள் வேண்டும், அவ்வளவு பணம் இல்லை; ஊருக்கு ஒரு சிறு மத்திய அலை, தொலைவுக்கு ஒரு சிற்றலை என்று பிரித்தால் இருக்கிற பணத்தில் மாகாணம் முழுவதையும் ஒருமாதிரி தொடலாம். அந்த 'ஒருமாதிரி' என்பது முக்கியம். சிற்றலை வானத்திலிருந்து இறங்கி வருவது. ஏறி இறங்கும், சில நேரம் அடியோடு மங்கும். நிலையத்துக்கு மிக அருகிலும் இல்லாமல், அலை இறங்கும் தூரத்திலும் இல்லாமல் நடுவில் மாட்டிக்கொண்ட ஊர்களுக்குச் சரியாக எட்டாது.

நான்காவது, எல்லாவற்றையும் தாங்கியது: செலவு இந்திய அரசின் கணக்கில். லைசென்ஸ் வரவு குறைந்த மாதத்தில் நிலையம் மூடப்படாது.

அகில இந்திய வானொலி வந்ததும் மாநகராட்சி தன் ஒலிபரப்பை முடித்துக்கொண்டது. தெற்குத் தமிழ் மாவட்டங்களின் குறை மறு ஆண்டு ஓரளவு தீர்ந்தது. 1939 மே 16 அன்று, கிளப் தொடங்கிய அதே தேதியில் பதினைந்து ஆண்டு கழித்து, திருச்சி நிலையம் 5 கிலோவாட் மத்திய அலையோடு திறக்கப்பட்டது. சென்னையின் மத்திய அலையை விட 20 மடங்கு சக்தி. மேலே சொன்ன சூத்திரப்படி நாலரை மடங்கு தூரம். நாலு பக்கமும் நிலம் என்பதால் சென்னையைப் போல அதில் பெரும் பங்கு கடலுக்குப் போகவில்லை.